ஆகாய வழிச் சட்டமும் ஒரு வழக்கறிஞரின் பணியும்

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில், நம் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)

 

“வக்கீல் சார், நீங்கள் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?” என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். “ஆகாய விமானச் சட்டம்” என்றேன். “திருவானைக்காவலில் யாரிடம் விமானம் இருக்கிறது?” என்று ஒருவர் சிரித்தார். விமானம் இல்லைதான். ஆனால் விமானத்தில் ஏறிய பிள்ளைகள் இல்லாத வீடு நம் பங்கில் எத்தனை? சிங்கப்பூரில் மகன், துபாயில் மருமகன், கோலாலம்பூரில் தம்பி என்று சொல்லாதவர்கள் கொஞ்சம் கையை உயர்த்துங்கள் பார்க்கலாம். இரவில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் மேலே விளக்கு மினுங்கப் போகிற விமானத்தைப் பார்த்து, “நம்ம பையன் போற பிளேன் அதுதான்” என்று சொல்லுகிற தாய்மார்கள் இங்கேயே இருக்கிறீர்கள். ஆகவே இது உங்கள் சட்டம்.

நம் ஊருக்கு ஆகாயம் புதிதும் அல்ல. 1938-லேயே டாட்டா கம்பெனியின் தபால் விமானம் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்குப் பறந்தது. ஸ்ரீரங்கத்துக்காரரான எழுத்தாளர் சுஜாதா, எழுத்தில் புகழ்பெறுவதற்கு முன் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். செம்பட்டு விமான நிலையம் 2012-ல் சர்வதேச நிலையம் என்ற தகுதியைப் பெற்றது. 2024 ஜனவரியில் அதன் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். கட்டடத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைத்தான் யாரும் படிப்பதில்லை. அந்தப் பொடி எழுத்துத்தான் என் பிழைப்பு.

முதலில் இத்துறையில் நம் நாட்டு வழக்கறிஞர் ஒருவர் உலக அரங்கில் நின்ற கதையைச் சொல்லுகிறேன்.

1971 ஜனவரி 30. ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட ‘கங்கா’ என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை இரண்டு பேர் கடத்தி லாகூருக்குக் கொண்டுபோனார்கள். பயணிகள் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். விமானத்தை மட்டும் பிப்ரவரி 2-ஆம் தேதி லாகூர் விமான நிலையத்திலேயே எரித்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து இந்தியா, “பாகிஸ்தான் விமானம் எதுவும் எங்கள் நிலத்தின் மேலே பறக்கக் கூடாது” என்று தடை போட்டது. அப்போது பாகிஸ்தான் மேற்கு, கிழக்கு என்று இரண்டு துண்டு, நடுவிலே நாம். கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேரே போன விமானங்கள் தென்முனையைச் சுற்றி, கொழும்பில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு, வங்கக் கடல் வழியாகப் போகவேண்டியதாயிற்று. கதவைத் திறந்தால் எதிர்வீடு. கதவு மூடியதால் ஊரைச் சுற்றி வரவேண்டும் என்பது போல.

பாகிஸ்தான் மாண்ட்ரீல் நகரத்திலுள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கவுன்சிலில் புகார் கொடுத்தது. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் மேலே இன்னொரு நாட்டின் விமானம் பறப்பது பற்றிய தகராறு அந்தக் கவுன்சிலுக்குத்தான் போகும். “இதை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை” என்று இந்தியா ஆட்சேபித்தது. 1965 யுத்தத்தோடு அந்த உடன்படிக்கை நம் இரு நாடுகளுக்கிடையே செயலற்றுப் போய்விட்டது, பிறகு நடந்ததெல்லாம் தனி ஏற்பாடு, ஆகவே கவுன்சில் இதில் தலையிட முடியாது என்பது நம் வாதம். 1971 ஜூலை 29-ல் கவுன்சில் அதை ஏற்க மறுத்தது. இந்தியா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்தது. வேறொரு அமைப்பின் முடிவின் மேல் அந்த நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது அதுவே முதல் தடவை.

இந்தியாவுக்காக வாதாடப் போனவர் நானி பல்கிவாலா. இதில் ஒரு வேடிக்கை. 1970-ல் பாங்கு தேசியமய வழக்கிலும் மன்னர் மானிய வழக்கிலும் மத்திய அரசை எதிர்த்து வாதாடி, இரண்டிலும் அரசைத் தோற்கடித்தவர் அவர். அந்த அரசே அவரை அழைத்து, “எங்களுக்காக ஹேக் நகருக்குப் போங்கள்” என்றது. அவரும் போனார். சிறு வயதில் திக்கிப் பேசியவர். கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் வேலைக்கு மனுப் போட்டு, அது வேறொருவருக்குப் போய்விட்டதால் சட்டம் படிக்க வந்தவர். அவருடைய பேர் பெற்ற துறை வருமான வரியும் அரசியல் சட்டமும். விமானச் சட்டம் அவருக்குத் தொழில் அல்ல. இங்கே உள்ள இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஆகாயமும் ஒன்று, நிலமும் ஒன்று.

அந்த நீதிமன்றத்தின் அப்போதைய தலைவர் பாகிஸ்தானைச் சேர்ந்த ஜாஃப்ருல்லா கான். தம் நாட்டு வழக்கு என்பதால் அவர் இதில் தலைமை ஏற்காமல், நீதிபதிகளுள் ஒருவராக மட்டும் அமர்ந்தார். இந்தியாவின் சார்பில் இந்த வழக்குக்கென்றே நியமிக்கப்பட்ட நீதிபதி நாகேந்திர சிங். அவரும் நம் பொருளுக்கு வேண்டியவரே. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, கப்பல் துறையின் தலைமை இயக்குநராகப் பல ஆண்டு பணியாற்றி, கப்பல் சட்டத்தில் புத்தகங்கள் எழுதியவர். பிற்காலத்தில் அதே சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராகவும் உயர்ந்தார். போக்குவரத்துச் சட்டத்தைத் துறைமுகத்திலிருந்து கற்றுக்கொண்டு உலக நீதிமன்றம் வரை போன இந்தியர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான்.

தீர்ப்பு 1972 ஆகஸ்ட் 18-ல் வந்தது. “இந்த அப்பீலை நாங்கள் விசாரிக்கலாமா?” என்பது முதல் கேள்வி. விசாரிக்கவே கூடாது என்று பாகிஸ்தான் சொல்லியிருந்தது. அதில் 13-க்கு 3 என்று இந்தியா ஜெயித்தது. “கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா?” என்பது இரண்டாவது. அதில் 14-க்கு 2 என்று இந்தியா தோற்றது. நாகேந்திர சிங்கும் ரஷ்ய நீதிபதி மோரோசோவும் மட்டுமே மாறுபட்டார்கள். ஒரு நாடு, “நான் இந்த உடன்படிக்கையை முறித்துவிட்டேன்” என்று தானே சொல்லிக்கொண்டு, அதே உடன்படிக்கையில் எழுதியிருக்கும் விசாரணையிலிருந்து தப்பித்துக்கொள்ள விட்டால் பிறகு எந்த உடன்படிக்கைதான் நிற்கும் என்று நீதிமன்றம் பார்த்தது. நம் நாடு தோற்ற வழக்கு என்றாலும், இது சரியான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். வாடகைக்காரர், “நான் பத்திரத்தைக் கிழித்துவிட்டேன், ஆகவே பத்திரத்தில் கண்டபடி பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்” என்றால் நாம் ஒப்புவோமா?

அதற்குள் பங்களாதேஷ் பிறந்துவிட்டது. கராச்சியிலிருந்து டாக்காவுக்குப் பறக்கும் தேவையே போய்விட்டது. 1976-ல் இரு நாடுகளும் பேசி, மாண்ட்ரீல் வழக்கை முடித்துக்கொண்டு விமானப் போக்குவரத்தைத் திரும்பத் தொடங்கின. ஆனால் தீர்ப்பு சாகவில்லை. 2017-ல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கத்தார் விமானங்களுக்கு வானத்தை அடைத்தன. கத்தார் அதே கவுன்சிலுக்குப் போயிற்று. எதிர்த்தரப்பு அதே ஹேக் நகருக்கு அப்பீல் போயிற்று. 2020 ஜூலை 14-ல் நீதிமன்றம் அந்த அப்பீல்களைத் தள்ளியபோது எடுத்துக் காட்டியது இந்த 1972 தீர்ப்பைத்தான். 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் மறுபடி ஒன்றுக்கொன்று வானத்தை மூடின. டில்லியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பயணிகள் சுற்று வழியில் மணிக்கணக்காக உட்கார்ந்து போனார்கள்.

அரசாங்கங்களின் கதை இருக்கட்டும். இனி உங்கள் டிக்கெட்டுக்கு வருவோம்.

விமானத்தில் போகும்போது பயணிக்கு உயிரோ உடலோ சேதப்பட்டால் யார், எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை முதலில் எழுதிவைத்தது 1929-ல் வார்சா நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை. அன்றைக்கு விமானக் கம்பெனிகள் தவழ்கிற குழந்தைகள். ஒரு விபத்தில் கம்பெனியே மூழ்கிவிடக் கூடாதே என்று, ‘இதற்கு மேல் கேட்கக் கூடாது’ என ஒரு வரம்பு கட்டினார்கள். நம் நாடு அதை 1934-ல் சட்டமாக்கியது. 1972-ல் திருத்திப் புதுச் சட்டம் செய்தது. குழந்தை வளர்ந்து ராட்சதனான பிறகும் தொட்டிலில் கட்டிய வரம்பு மட்டும் பல்லாண்டு அப்படியே இருந்தது. 1999-ல் மாண்ட்ரீலில் புதிய உடன்படிக்கை வந்தது. இந்தியாவுக்கு அது 2009 ஜூன் 30-ல்தான் அமலுக்கு வந்தது.

அந்தத் தேதியை ஏன் சொல்லுகிறேன்? பதினொரு மாதம்கூட ஆகவில்லை. 2010 மே 22-ல் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருந்தவர்கள் 166 பேர். பிழைத்தவர்கள் எட்டே பேர். பெரும்பாலும் நம் பிள்ளைகளைப் போல வளைகுடா நாடுகளில் பிழைக்கப் போனவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். விபத்து ஒரு வருடம் முன்னால் நடந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் பழைய வரம்புக்குள் மாட்டியிருக்கும்.

புதிய சட்டத்தில் இரண்டு படி உண்டு. முதல் படியில் கம்பெனி தவறு செய்ததா என்று பார்க்கவேண்டியதில்லை. விபத்து நடந்தது, அதனால் நஷ்டம் ஏற்பட்டது என்றால் ஒரு தொகை வரை கொடுத்தே ஆகவேண்டும். அந்தத் தொகைக்கு மேலே கேட்டால், “எங்கள் மேல் தவறே இல்லை” அல்லது “இது முழுக்க வேறொருவருடைய தவறு” என்று கம்பெனிதான் நிரூபிக்கவேண்டும். பணம் ரூபாயிலோ டாலரிலோ எழுதப்படவில்லை. சர்வதேச நிதியத்தின் ‘சிறப்பு எடுப்புரிமை’ என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. உடன்படிக்கையில் முதலில் 1,00,000 அலகு. விலைவாசிக்கேற்ப உயர்ந்து, 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 அலகு. நம் பணத்தில் ஒன்றே முக்கால் கோடியை ஒட்டி வரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் தொகை தானாகக் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மங்களூர் விபத்துக்குப் பின் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, குறைந்தது அந்த ஒரு லட்சம் அலகாவது கொடுக்கவேண்டும் என்று 2011 ஜூலையில் சொன்னார். அதே ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. அது உச்சவரம்பே அன்றி அடிப்படைத் தொகை அல்ல, உண்மையான நஷ்டத்தைக் காட்டவேண்டும் என்றது. நஷ்டத்தை எப்படிக் காட்டுவது? சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், ஊருக்கு அனுப்பிய பணத்தின் பாங்குக் கணக்கு. இவற்றை வைத்துத்தான். அதே விபத்தில் இறந்த, துபாயில் உயர் பதவியில் இருந்த ஒருவரின் குடும்பத்துக்கு 2020 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 7 கோடியே 64 லட்சம் ரூபாய் தீர்மானித்தது. பத்து ஆண்டு போராட்டம். காகிதங்கள் இருந்ததால் போராட முடிந்தது. கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கி, கையோடு கொடுத்தனுப்புகிற நம் பிள்ளைகளுக்கு எந்தக் காகிதம் இருக்கிறது? இன்றைக்கே ஒரு கடிதம் போட்டு, இல்லை, இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள், போனிலேயே சொல்லி, வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது, எந்த ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போடுவது? பழைய வார்சா சட்டத்தில் நான்கு இடங்கள்தான்: கம்பெனியின் இருப்பிடம், அதன் தலைமை அலுவலகம், டிக்கெட் வாங்கிய அதன் அலுவலகம் உள்ள இடம், பயணம் முடியும் இடம். இதில் பெரிய பொறி ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பையன் அங்கேயே போக-வரச் சீட்டு வாங்கித் திருச்சிக்கு வந்து திரும்பினால், சட்டத்தின் கண்ணில் அவன் பயணம் முடியும் இடம் திருச்சி அல்ல, சிங்கப்பூர்! விமானமும் அந்நிய நாட்டுடையது என்றால், லால்குடியில் இருக்கும் அவன் தாய் நம் நாட்டுக் கோர்ட்டுப் படியே ஏற முடியாது. மாண்ட்ரீல் உடன்படிக்கை ஐந்தாவது கதவு ஒன்றைத் திறந்தது. உயிர்ச்சேதம், உடற்காயம் ஆகியவற்றுக்கு மட்டும், பயணியின் நிலையான வசிப்பிடம் உள்ள நாட்டிலும், அந்தக் கம்பெனி அங்கே சேவை நடத்துகிறது என்றால் வழக்குத் தொடரலாம். வேலை விசாவில் போனவனின் நிலையான வசிப்பிடம் எது? அங்கே உள்ள தங்குமிடக் கட்டிலா, இங்கே உள்ள ரேஷன் கார்டா? வக்கீல்கள் சண்டை போடுவது இங்கேதான்.

2018 அக்டோபர் 12 விடியற்காலையில் நம் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய விமானம் நிலையத்தின் சுற்றுச்சுவரில் அடிவயிறு இடித்துக்கொண்டு பறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மும்பையில் பத்திரமாக இறங்கியது. 130 பயணிகளும் பிழைத்தார்கள். 2024 அக்டோபர் 11 மாலையில் ஷார்ஜா விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் தலைக்கு மேலேயே சுற்றி, எரிபொருளைத் தீர்த்துவிட்டு இறங்கியது. அன்று எத்தனை வீடுகளில் டெலிவிஷன் முன்னால் அழுதார்கள்! “அந்தப் பயத்துக்கு நஷ்ட ஈடு உண்டா சார்?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. சட்டத்தில் எழுதியிருப்பது ‘உடற்காயம்’. 1983-ல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுக்குப் போன விமானத்தில் மூன்று எஞ்சின்களும் நின்று, கடலில் இறங்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு, பிறகு ஒரு எஞ்சின் உயிர்பெற்றுத் தப்பினார்கள். அந்தப் பயணிகளின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல், வெறும் மனவேதனைக்கு வார்சா சட்டத்தில் இடமில்லை என்று தீர்த்தது. மாண்ட்ரீல் சட்டத்திலும் அதே சொல்லை வைத்துவிட்டார்கள். இது அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் என் கருத்தைக் கோர்ட்டில் மார்க் செய்ய முடியாது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் லால்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது, விமானத்தில் கொடுத்த கொதிக்கும் காப்பி மடியில் கொட்டித் தொடை வெந்துபோயிருந்தது. இரண்டு முறை தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அவர் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களும் அவர்கள் அனுப்பிய பதில்களும் ஒரு மஞ்சள் பை நிறைய இருந்தன. ஒவ்வொரு பதிலும் மிக மரியாதையான பதில். “தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது” என்று எழுதாத கடிதமே இல்லை. நான் முதலில் தேடியது பயணத் தேதியை. இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் நஷ்ட ஈட்டு உரிமையே அற்றுப்போகும் என்பது சட்டம். ரயில் விபத்தானால் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் ஒரு வருடம்தான் கெடு. ஆனால் தகுந்த காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்க அதற்கு அதிகாரம் உண்டு. விமானச் சட்டத்தில் அந்த இரக்கம் இல்லை. “நான்தான் மாதாமாதம் எழுதிக்கொண்டே இருந்தேனே ஐயா” என்றார் அவர். கடிதம் எழுதுவது வழக்கு ஆகாது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மஞ்சள் பையைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு, “காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று அந்தப் பெண் அன்பாகத்தான் கேட்டது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. சட்டம் படிக்க நீங்கள் சென்னை போகவேண்டியதில்லை. அரசு சட்டக் கல்லூரி திருச்சியிலேயே 1979 முதல் இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. மேற்படிப்புக்கு மாண்ட்ரீலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆகாய, விண்வெளிச் சட்டத்துக்கென்றே 1951 முதல் ஒரு கழகம் உண்டு. ஹாலந்து நாட்டில் லெய்டனிலும் உண்டு. வேலை விபத்து வழக்கோடு நிற்பதில்லை. விமானக் கம்பெனிகள் விமானத்தைப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் எடுக்கின்றன. கம்பெனி திவாலானால் விமானம் யாருக்கு என்பதே பெரிய வழக்கு. அதற்காக நம் பார்லிமெண்டு 2025-ல் தனிச் சட்டம் செய்தது. 1934-ன் பழைய விமானச் சட்டத்துக்குப் பதில் 2025 ஜனவரி முதல் புதுச் சட்டம் நடக்கிறது. கப்பல் சரக்குச் சட்டமும் நூறு வருடம் கழித்து 2025-ல் மாறியிருக்கிறது. எல்லாம் புதுசு. மூத்த வக்கீலும் நேற்று எழுதிக்கொண்டவரும் ஒரே நாளில் படிக்க உட்காரும் காலம் இது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

மணி அடித்துவிட்டார்கள். பெட்டி விஷயத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதிகம் நேர்வது அதுதான். பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கவேண்டும். நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கவுண்டரில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிவிடுங்கள். வேனில் சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று ஓடிவராதீர்கள். பெட்டிக்கான வரம்பு ஒரு பயணிக்கு 1,519 அலகுதான், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். அதற்கு மேல் மதிப்புள்ளதைப் பெட்டியில் போடுவதானால், கொடுக்கும்போதே மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்குரிய கட்டணத்தைக் கட்டவேண்டும். நகையைப் பெட்டியில் போடவே போடாதீர்கள். யாரோ தெரிந்தவர் கொடுத்தார் என்று அடுத்தவர் பொட்டலத்தையும் வாங்காதீர்கள். சீட்டு உங்கள் பெயரில் ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பதற்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். ‘குருவி’ என்று நம் ஊரில் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தக் குருவிகளின் ஜாமீன் மனுக்களையும் நான் பார்த்திருக்கிறேன். போர்டிங் பாஸ், பெட்டிச் சீட்டு, டிக்கெட்டின் நகல், இந்த மூன்றையும் பயணம் முடிந்த கையோடு கிழித்துப் போடாமல், இரண்டு வருடம் டிரங்குப் பெட்டியில் வைத்திருங்கள்.